இரு சூரியோதயங்களின் பிரயாணம்: கொக்கலை – பேர்த் ஆகாய மார்க்கத்தின் வரலாறு

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்றும், அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றும் நாம் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறோம். இரண்டும் ஒரே தன்மையுடைய கேள்விகள் என்பது நம் நினைப்பு. ஆனால் சற்று நின்று யோசித்தால் இவற்றின் பிறப்பிடம் வேறு வேறு என்பது விளங்கும். தூரத்தைப் பூமி நிர்ணயித்துவிட்டது. மனிதன் பிறப்பதற்கு முன்பும் அது அவ்வளவுதான், அவன் அஸ்தமித்த பிறகும் அது அவ்வளவுதான். நேரமோ மனிதர்கள் உண்டாக்கியது. எந்திரத்தின் வலிமை, எரிபொருளின் அளவு, ராஜ்யங்களுக்கிடையே நிலவும் நட்பு அல்லது பகை, விமானத்தை ஓட்டுபவனின் நெஞ்சுறுதி ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அந்த மணிக்கணக்கு உருவாகிறது. ஆகவே ஒரு மார்க்கத்தின் பிரயாண நேரத்தை ஆராய்வது அந்தக் காலத்தின் சரித்திரத்தையே ஆராய்வதாகும்.

இந்த உண்மையை விளக்க இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலைக்கும் ஆஸ்திரேலியாவின் மேல்கரையிலுள்ள பேர்த் நகருக்கும் இடையே 1943 முதல் 1945 வரை நடந்த ஆகாயப் போக்குவரவைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. அந்த இரண்டு ஆண்டுகளில் அவ்விரு ஸ்தலங்களையும் இணைத்த விமானங்கள், எங்கும் இறங்காமல், ஒரு பகலும் ஓர் இரவும் முழுவதாகக் கழிந்து மறுநாளின் பொழுதிலும் ஒரு பகுதி செல்லும் வரை, இடையறாது பறந்தன. பிரயாணிகள் விமானத்தில் இருந்தபடியே இருமுறை சூரியோதயத்தைக் கண்டதால் அந்தப் பிரயாணத்துக்கே 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் நிலைத்தது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். தட்டையான தேசப்படத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்து அறியும் தூரம் மெய்யான தூரமாகாது. பூமி உருண்டையாதலால் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லேயாகும். அந்த வில்லின் இரு முனைகளிலிருந்தும் பூமியின் மையத்துக்குக் கோடுகள் இழுத்தால் அவற்றுக்கிடையே உண்டாகும் கோணமே தூரத்தைச் சொல்லிவிடும். மாலுமிகளின் கடல் மைல் என்பது அந்தக் கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கு உரிய நீளந்தான். கொக்கலை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 6 பாகையில் இருக்கிறது. பேர்த் தெற்கே 32 பாகையில் இருக்கிறது. தீர்க்க ரேகையிலும் இரண்டுக்கும் 35 பாகைக்கு மேல் வித்தியாசம் உண்டு. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் மையக் கோணம் சுமார் 51 பாகை என்றும், தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர், அதாவது 3,500 மைலுக்குச் சற்று அதிகம் என்றும் தெரியவரும். இடையில் இருப்பது இந்து மகா சமுத்திரம் ஒன்றே. அந்த நீண்ட வழியில் கொக்கோஸ் என்னும் சிறு பவளத்தீவுக் கூட்டத்தைத் தவிர வேறு நிலம் இல்லை.

மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இன்றைய ஜெட் விமானம் ஒன்றை அந்த வில்லின்மேல் ஓட்டினால், ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் கூட்டிக்கொண்டாலும், ஏழு மணி நேரம் போதும். 1943இல் அதே தூரத்துக்கு 27 மணி முதல் 33 மணி வரை ஆயிற்று. அந்த 27 மணியும் அக்காலத்தில் ஓர் அற்புத சாதனையாகக் கருதப்பட்டதன் காரணத்தை அறிய வேண்டுமானால், அதற்கு முன் அந்த ஆகாய மார்க்கம் எப்படி இருந்தது, ஏன் அறுந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒழுங்கான ஆகாயப் போக்குவரவு 1934ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்பட்டது. இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரையும், அதனோடு கூட்டாக அவ்வாண்டு அமைந்த குவாண்டஸ் எம்பயர் ஏர்வேஸ் அங்கிருந்து ஆஸ்திரேலியா வரையும் விமானங்களை நடத்தின. 1938இல் ஷார்ட் நிறுவனத்தாரின் பெரிய பறக்கும் படகுகள் இந்த மார்க்கத்துக்கு வந்தன. நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்கும் இந்தக் கப்பல் போன்ற விமானங்கள் சௌதாம்ப்டனில் புறப்பட்டு, ஏரி கண்ட இடத்தில் ஏரியிலும் ஆறு கண்ட இடத்தில் ஆற்றிலுமாக இறங்கி, எரிபொருள் நிரப்பி, மாலையில் பிரயாணிகளைக் கரையேற்றி ஹோட்டலில் உறங்கவைத்து, காலையில் மீண்டும் புறப்பட்டன. பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் கராச்சித் துறைமுகத்திலும், ராஜபுதனத்தின் ராஜசமந்த் ஏரியிலும், குவாலியரிலும், அலகாபாத்திலும், கல்கத்தாவிலும் அவை இறங்கிச் சென்றன. இவ்விதம் சிட்னியை அடைய ஒன்பது பத்து நாட்கள் ஆயின. கப்பலில் ஐந்து ஆறு வாரங்கள் செலவழித்துப் பழகிய ஜனங்களுக்கு அதுவே நம்பற்கரிய வேகமாயிருந்தது.

இந்த மார்க்கத்தின் அமைப்பில் ஒரு தத்துவம் அடங்கியிருந்தது. ஒரே பறப்பில் வெகுதூரம் செல்லும் ஆற்றல் அன்றைய விமானத்துக்கு இல்லாததால், வழிநெடுகச் சில நூறு மைலுக்கு ஒரு தங்குமிடம் தேவைப்பட்டது. ஒவ்வொரு தங்குமிடமும் நட்புடைய ஓர் அரசின் கையில் இருக்க வேண்டியதாயிற்று. மணிகளைக் கோத்த மாலைபோல் இருந்த அந்த வரிசையில் ஓரிடம் எதிரியின் கைக்குப் போனால் மாலை முழுவதும் அறுந்துவிடும். அப்படியே நிகழ்ந்தது. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டது. பறக்கும் படகுகள் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கெய்ரோ, கராச்சி, சிங்கப்பூர் வழியாகச் சிட்னிக்குச் செல்லும் குதிரைலாட வடிவமான வேறு வழியைப் பற்றிக்கொண்டன. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. தொடர்ந்து ஜாவாவும் பர்மாவும் வீழ்ந்தன. அந்தமான் தீவுகளும் கிறிஸ்துமஸ் தீவும் அவர்கள் வசமாயின. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே எந்த விமானமும் இறங்க இயலாத ஒரு பெருவெளி உண்டாயிற்று.

ஆஸ்திரேலியா இவ்வாறு தனித்துவிடப்பட்ட நிலையில், பெரிய சமுத்திரத்தை ஒரே பாய்ச்சலில் கடப்பது ஒன்றே எஞ்சிய உபாயம். இந்து சமுத்திரத்தை ஆகாய வழியாகக் கடக்கும் ஆராய்ச்சி யுத்தத்துக்குச் சற்று முன்பே ஒருமுறை நடந்திருந்தது. 1939 ஜூனில் பி. ஜி. டெய்லர் என்ற ஆஸ்திரேலிய விமானி, ரிச்சர்ட் ஆர்ச்போல்டு என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரின் 'கூபா' என்ற பறக்கும் படகில் போர்ட் ஹெட்லண்டிலிருந்து கிளம்பி, கொக்கோஸ் தீவுகள், டீகோ கார்சியா ஆகியவற்றின் வழியாக ஆப்பிரிக்காவின் மொம்பாசாவை அடைந்தார். கொக்கோஸ் தீவுகளை முதல் முயற்சியில் மேகமூட்டத்தினால் காண இயலாமல் ஜாவாவிலுள்ள பத்தாவியாவுக்கு விலகிச்சென்று மீண்டும் தேட நேர்ந்ததிலிருந்தே, அந்த நீர்ப்பரப்பில் ஒரு சிறு நிலத்துண்டைக் கண்டுபிடிப்பது எத்தகைய காரியம் என்பது தெளிவாகும். கூபா ஒரு கேட்டலினா ரகப் பறக்கும் படகு. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே ரக விமானமே குவாண்டஸ் நிறுவனத்துக்கும் கைகொடுத்தது.

கேட்டலினா அழகிய விமானமும் அன்று, விரைவான விமானமும் அன்று. நீரில் மிதக்கும் உடலுக்கு மேலே ஒரு தூண் நிறுத்தி, அதன்மீது 104 அடி அகலமுள்ள நீண்ட சிறகை வைத்து, சிறகின் நடுவில் 1,200 குதிரைச் சக்தியுள்ள எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தியிருந்தார்கள். சிக்கனமாக ஓட்டினால் அதன் வேகம் மணிக்கு சுமார் 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர். யுத்த விமானங்கள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் பறந்த காலம் அது. ஆயினும் அந்த வேகமான விமானங்கள் எவற்றாலும் செய்ய முடியாத ஒன்றைக் கேட்டலினா செய்தது: குறைந்த எரிபொருளை உண்டு நெடுநேரம் ஆகாயத்தில் நிலைத்திருந்தது. வேகத்தைக் கூட்டினால் எரிபொருள் செலவு அதைவிட அதிகமாகக் கூடும் என்பது விமான சாஸ்திரத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஆகவே கரை சேர வேண்டுமானால் மெல்லச் செல்வதே வழியாயிற்று. 28 மணி நேரம் என்ற அந்த நீண்ட கணக்கு, எஞ்சினின் இயலாமையால் மட்டும் விளைந்ததன்று, அறிவோடு தெரிந்தெடுத்த பொறுமையாலும் விளைந்தது.

பிரிட்டிஷார் கொடுத்துதவிய ஐந்து கேட்டலினாக்களையும் குவாண்டஸ் பொறியாளர்கள் இந்த ஒரு காரியத்துக்கென்றே மாற்றியமைத்தார்கள். துப்பாக்கிகளையும் கவசத் தகடுகளையும் கழற்றினார்கள். உறைபனியைப் போக்கும் கருவிகளை நீக்கினார்கள். உள்ளே கூடுதலான எரிபொருள் தொட்டிகளை வைத்தார்கள். ஏறக்குறைய 2,000 காலன், அதாவது 9,000 லிட்டர் பெட்ரோல் அவற்றில் நிரப்பப்பட்டது. புறப்படும்போது விமானத்தின் மொத்த எடை சுமார் 35,000 ராத்தல், ஏறக்குறைய 16 டன். அதைத் தயாரித்தவர்கள் விதித்த வரம்புக்கும் அது மேற்பட்டது. அந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருளே. எஞ்சியதில் விமானத்தின் உடலும் எஞ்சின்களும் ஐந்து பணியாளர்களும் போக, பிரயாணிகளுக்கென்று கிடைத்த இடம் மூன்றே ஆசனம். தபாலுக்கென்று கிடைத்தது 69 கிலோகிராம். போர்முனைக்கு எழுதும் கடிதங்களை நுண்படச் சுருளாக எடுத்து அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் தோன்றியது இப்படிப்பட்ட எடைக் கணக்கின் காரணமாகவே. மூன்று மனிதர்களையும் ஒரு மூட்டை தபாலையும் 5,650 கிலோமீட்டர் கொண்டுசேர்க்க ஆறரை டன் பெட்ரோல் எரிந்தது என்றால், அந்த மூவரின் காரியமும் அந்தக் கடிதங்களும் எவ்வளவு முக்கியமாகக் கருதப்பட்டன என்பதை நாம் ஊகிக்கலாம்.

இவ்வளவு பாரத்தோடு நீரிலிருந்து எழுவதே ஒரு பெருங்காரியம். பறக்கும் படகின் அடிப்பாகத்தை நீர் பற்றி இழுக்கும். அந்தப் பிடியை அறுத்துக்கொண்டு மேலெழ நீண்ட ஓட்டம் தேவை. எழுந்த பிறகும் அபாயம் நீங்கிவிடாது. முதற் பல மணி நேரம், பெட்ரோல் எரிந்து பாரம் குறையும் வரையில், இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றுபோனால் மற்றொன்று தனியே விமானத்தை உயரத்தில் தாங்க வல்லதன்று. எரிபொருளைக் கடலில் கொட்டிப் பாரத்தைக் குறைத்தால்தான் பிழைக்க முடியும், கொட்டிவிட்டாலோ அக்கரை சேர முடியாது. பாதி வழிக்கு மேல் சென்றுவிட்டால் திரும்புவதற்கும் இயலாது. இதை நன்கு அறிந்தவர்களே ஒவ்வொரு தடவையும் புறப்பட்டார்கள்.

கொக்கலை, காலி நகருக்குத் தென்கிழக்கே கடலோரத்தில் இருப்பது. கடற்கரையை ஒட்டி உள்ளே விரிந்திருக்கும் அதன் ஏரி, அலையில்லாத நீர்ப்பரப்பாகையால், பறக்கும் படகுகளுக்கு இயற்கையாகவே வாய்த்த நிலையமாயிற்று. யுத்தம் இலங்கையை நெருங்கியபோது பிரிட்டிஷ் விமானப்படை அங்கே தளம் அமைத்தது. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி அந்த ஏரியிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா, லியனார்டு பெர்ச்சால் என்ற கனடா நாட்டு விமானியின் தலைமையில் ரோந்து சென்றபோது, இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியரின் பெருங்கப்பற்படை நெருங்கி வருவதைக் கண்டது. செய்தியைக் கம்பியில்லாத் தந்தி மூலம் அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டது. பெர்ச்சாலும் உயிர் தப்பிய தோழர்களும் சிறைப்பட்டார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பும், 9ஆம் தேதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. முன்னெச்சரிக்கை கிடைத்திராவிட்டால் நாசம் இன்னும் கொடியதாயிருக்கும். இத்தகைய வரலாறு படிந்த நீரிலிருந்துதான் அடுத்த ஆண்டு குவாண்டஸ் விமானங்கள் கீழ்த்திசை நோக்கிப் புறப்படலாயின.

மறுமுனை பேர்த் நகரின் ஸ்வான் ஆறு. நகரத்தின் நடுவே ஏரிபோல் விரிந்து செல்லும் அந்த ஆற்றின் கரையில் நெட்லண்ட்ஸ் என்னுமிடத்தில் குவாண்டஸ் தன் நிலையத்தை அமைத்தது. 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போக்குவரவு ஆரம்பமாயிற்று. குவாண்டஸ் நிறுவனத்தின் மேல்திசை நிர்வாகியாயிருந்த பில் க்ரௌதரும், ரஸல் டாப் முதலிய அனுபவம் முதிர்ந்த விமானிகளும் இதைக் கட்டியெழுப்பியவர்கள்.

ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயர்களையே சூட்டினார்கள்: ஆல்டேர், வேகா, ரீகல், அண்டாரிஸ், ஸ்பைக்கா. நம் பஞ்சாங்கத்தை அறிந்தவர்களுக்கு இவை அந்நியர்கள் அல்லர். ஆல்டேர் நம் திருவோணம்; வேகா அபிஜித்; அண்டாரிஸ் செந்நிறமான கேட்டை; ஸ்பைக்கா சித்திரை; ரீகலோ, திருவாதிரைக்கு எதிர்க்கோடியில் நீலவெண்மையாய் ஒளிரும் விண்மீன். இப்பெயர்கள் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அந்த விமானங்கள் மெய்யாகவே நட்சத்திரங்களைக் கொண்டு வழி கண்டவை. எதிரியின் காதில் விழுந்துவிடும் என்ற அச்சத்தால் வழியில் கம்பியில்லாத் தந்தியில் பேசுவது விலக்கப்பட்டிருந்தது. கேட்பது மட்டுமே அனுமதிக்கப்பட்டது. தரையிலிருந்து வழிகாட்டும் குறிகள் எதுவும் நடுக்கடலில் இல்லை.

அந்த விமானத்தின் உள்ளே இருந்து வழி கணிப்பவரின் வேலையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். சிறிய மேஜை ஒன்றின்மேல் கடற்படம் விரிந்திருக்கும். பகலில் சூரியனையும் இரவில் விண்மீன்களையும் செக்ஸ்டண்ட் என்னும் கோணமானியால் நோக்கி, அடிவானத்திலிருந்து அவை எத்தனை பாகை உயரத்தில் நிற்கின்றன என்று அளக்க வேண்டும். அளந்த கணத்தை வினாடி சுத்தமாகக் கடிகாரத்தில் குறிக்க வேண்டும். அட்டவணைகளைப் புரட்டிக் கணக்கிட்டால் அந்த விண்மீன் ஒரு கோட்டைத் தரும்; இன்னொரு விண்மீன் இன்னொரு கோட்டைத் தரும்; இரண்டும் வெட்டும் புள்ளியில் விமானம் இருக்கிறது. காற்று விமானத்தைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்பதை அறிய, எரியும் மிதவைகளைக் கடலில் எறிந்து, அவை பின்னால் விலகிச் செல்லும் கோணத்தை நோக்க வேண்டும். மேகம் வானத்தை மூடிவிட்டால் இவை யாவும் நின்று, பழைய கணக்கை வைத்துக்கொண்டு அனுமானத்தாலேயே மணிக்கணக்கில் செல்ல நேரும். திசையில் ஒரே ஒரு பாகை பிழைத்து, அந்தப் பிழை திருத்தப்படாமலே போனால், பிரயாணத்தின் முடிவில் விமானம் தன் இலக்கிலிருந்து எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் விலகியிருக்கும். பேர்த்தை நோக்கிச் செல்பவர்களுக்கு இது ஓரளவு பொறுக்கத்தக்கது. ஒரு கண்டத்தின் நீண்ட கரை எப்படியும் எதிர்ப்படும். இலங்கையை நோக்கி வருபவர்களுக்கோ, எரிபொருள் தீரும் தறுவாயில், ஒரு தீவின் தென்முனையைத் தவறாமல் கண்டுபிடித்தாக வேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது.

புறப்படும் நேரமும் மனம்போனபடி வைத்ததன்று. சுமத்திரா, ஜாவா தீவுகளிலிருந்து பறக்கும் ஜப்பானிய விமானங்களின் எட்டுதொலைவுக்குள் மார்க்கத்தின் நடுப்பகுதி இருந்தது. தற்காத்துக்கொள்ள ஒரு துப்பாக்கியும் இல்லாத கேட்டலினாவுக்கு இருளே காப்பு. ஆகையால் அந்த அபாயப் பிரதேசத்தை நள்ளிரவில் கடக்குமாறு கணக்கிட்டு இரு முனைகளிலும் புறப்படும் வேளை அமைக்கப்பட்டது. அவ்வாறு அமைத்ததன் பலனாகவே பிரயாணத்தின் தொடக்கத்தில் ஓர் உதயமும், இரவைக் கடந்த பின் மற்றோர் உதயமும் வாய்த்தன. எதிர்க்காற்று வலுத்தால் நேரம் நீண்டது. 32 மணிக்கும் மேல் இடைவிடாது பறந்து சேர்ந்த பிரயாணமும் உண்டு. இன்றைய மிக நீண்ட விமானப் பிரயாணங்கள் 19 மணி நேரத்தை ஒட்டியே முடிவடைகின்றன. அதனால் தூரத்தில் அல்லாவிடினும் காலத்தில், அந்தக் கேட்டலினாக்களின் பிரயாணத்தை எந்த நிறுவனத்தின் ஒழுங்கான போக்குவரவும் இன்னும் விஞ்சவில்லை.

பிரயாணிகளுக்குச் சௌகரியம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. எடையைக் குறைப்பதற்காக உட்சுவரின் உறைகளையும் நீக்கியிருந்ததால் எஞ்சின்களின் பேரோசை 28 மணி நேரமும் செவியில் மோதிக்கொண்டே இருந்தது. இரவில் குளிர் வாட்டியது. எழுந்து நடமாடவும் இடமில்லை. இவற்றையெல்லாம் தாங்கிக் கரை சேர்ந்தவர்களுக்கு, 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கத்தில்' உறுப்பினராக்கியதாக ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர்கள் பெரும்பாலும் ராணுவ அதிகாரிகளும் அரசாங்க அலுவலர்களுமே.

1945 ஜூலை 18ஆம் தேதி வரையில் நடந்த இந்தப் போக்குவரவில் சமுத்திரத்தை 271 முறை கடந்தார்கள். மொத்தமாகக் கணக்கிட்டால் அது பத்து லட்சம் மைலை நெருங்கும். அத்தனை கடப்புகளிலும் ஒரு விமானமும் தொலையவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. வழிகாட்டும் கருவிகள் நிறைந்த இக்காலத்திலும் இது பெருமைப்படத்தக்க கணக்கு. நட்சத்திரத்தையும் கடிகாரத்தையும் நம்பிய அந்தக் காலத்தில், அது அந்தப் பணியாளர்களின் தேர்ச்சிக்கும் ஒழுங்குக்கும் பெரிய சாட்சி.

இதற்கிடையே நேரம் குறையத் தொடங்கிவிட்டது. 1944இல் நான்கு எஞ்சின்களுள்ள லிபரேட்டர் விமானங்கள் வந்தன. தரையில் இறங்கும் அவை, ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலுள்ள லியர்மந்துக்கும் கொழும்பையடுத்த இரத்மலானைக்கும் இடையே சுமார் 4,900 கிலோமீட்டர் தூரத்தைப் 17 மணி நேரத்தில் கடந்தன. கடக்க வேண்டிய கடலும் சற்றுக் குறைந்தது, வேகமும் கூடியது. அதைவிட முக்கியமாக, சுமக்கும் பாரம் பன்மடங்கு ஆயிற்று. அந்த விமானங்களில்தான் குவாண்டஸின் கங்காரு இலச்சினை முதன்முதலாகத் தீட்டப்பட்டது. யுத்தம் முடிந்ததும் கேட்டலினாக்களின் காலமும் முடிந்தது. அமெரிக்கா நேசநாடுகளுக்கு யுத்தத் தளவாடங்களை அளித்த கடன்-குத்தகை ஒப்பந்தத்தின்படி அவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாகாது. ஆகவே ஐந்தையும் கடலில் மூழ்கடித்தார்கள். நான்கு விமானங்கள் பேர்த்துக்கு எதிரேயுள்ள ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால், தாங்கள் எத்தனையோ முறை கடந்துவந்த அதே சமுத்திரத்தின் ஆழத்தில் கிடக்கின்றன.

1947 டிசம்பரில் கான்ஸ்டெல்லேஷன் விமானங்கள் சிட்னியிலிருந்து டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி வழியாக லண்டனை நான்கு நாட்களில் சென்றடையலாயின. மார்க்கம் பழையபடி நட்புத் தேசங்களின் வழியே திரும்பிவிட்டது. அதன் பிறகு ஜெட் வந்தது. தங்குமிடங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 2018 மார்ச்சில் போயிங் 787 விமானம் ஒன்று பேர்த்திலிருந்து லண்டனுக்கு, சுமார் 14,500 கிலோமீட்டர் தூரத்தை, எங்கும் இறங்காமல் ஏறக்குறைய 17 மணி நேரத்தில் கடந்தது. லியர்மந்திலிருந்து இரத்மலானைக்கு லிபரேட்டர் எடுத்துக்கொண்ட அதே 17 மணி, இன்று மூன்று மடங்கு தூரத்துக்குப் போதுமானதாகிவிட்டது. சிட்னியிலிருந்து லண்டனுக்கு இடைநில்லாமல் பறக்கும் திட்டத்துக்குக் குவாண்டஸ் 'சூரியோதயத் திட்டம்' என்று பெயரிட்டிருப்பது அந்தப் பழைய கேட்டலினாக்களை நினைவில் வைத்தே.

ஆஸ்திரேலியர் அந்த வீரர்களை மறக்கவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் இந்த மார்க்கத்துக்கு முனைகள் இரண்டு. மறுமுனையின் கணக்கையும் நாம் எழுதியாக வேண்டும். கொக்கலை ஏரி பறக்கும் படகுகளின் நிலையமாவதற்கு முன், அதன் கரைகள் தென்னந்தோப்புகளும் வீடுகளும் நிறைந்த ஊர்களாக இருந்தன. சிங்கள இலக்கியத்தின் தலைசிறந்த எழுத்தாளராகிய மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்தது அங்கேதான். தளம் அமைத்தபோது மிகக் குறுகிய அவகாசத்தில் கிராமத்தார் தங்கள் வீடுகளைக் காலிசெய்து வெளியேறும்படி ஆயிற்று. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகள் இடிக்கப்பட்டன. விக்கிரமசிங்க பிறந்த வீடு இடிபடாமல் எஞ்சி, இன்று நாட்டார் கலைக்கூடத்தோடு சேர்ந்து அவருடைய நினைவகமாக விளங்குகிறது. அந்த வீட்டைச் சுற்றியிருந்த அயலார் வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. வெளியேறியவர்களின் பெயர்களைத் தாங்கிய சான்றிதழ் எதுவும் அச்சிடப்படவில்லை.

பிரயாண நேரம் மனிதர்கள் உண்டாக்கியது என்று தொடக்கத்தில் சொன்னோம். அதை உண்டாக்கியவர்களின் பட்டியலில் விமானியும் வழிகணிப்பவரும் பொறியாளரும் இடம்பெறுவது நியாயமே. தங்கள் நிலத்தையும் ஏரியையும் விட்டுக்கொடுத்தவர்களும் அவர்களுக்குச் சமமாக அதில் இடம்பெற வேண்டும் என்பதே நமது கருத்து. உலகில் ஏறக்குறைய ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அடியில் ஒரு வயலோ, தோப்போ, குடியிருப்போ இருந்திருக்கிறது. அவற்றை இழந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நிலையத்திலிருந்து ஒருமுறையேனும் விமானம் ஏறியவர்கள் அல்லர். நாம் சில மணி நேரத்தில் கடலைக் கடக்கும் சௌகரியத்தில் அவர்களுடைய பங்கும் கலந்திருக்கிறது. புதிய ஓடுபாதைக்காக எந்த ஊரின் நிலத்தைக் கேட்கும்போதும், அந்தப் பங்கை முதலில் மதித்து, உரியதைக் கொடுத்து, அதன் பிறகே பிரயாணிகளுக்கு மிச்சமாகும் நேரத்தைப் பற்றிப் பேசுவது ஒரு நாகரிக சமூகத்தின் கடமையாகும்.